கடல் கடந்து மாண்டார் ஊர் திரும்பிய வரலாறு

பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கப் போன ஊர் ஒன்று, உயிர் பிரிந்த ஊர் வேறொன்று என்று ஆகிவிட்ட காலம் இது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தெருவில் நின்று வீட்டுக்கு வீடு விசாரித்துப் பார்த்தால், பிள்ளைகள் அனைவரும் அருகிலேயே இருக்கின்றனர் என்று சொல்லக்கூடிய குடும்பம் அரிது. இலண்டன், தொறன்ரோ, சிட்னி, கட்டார் எனத் திசைக்கு ஒருவராய்ப் பரந்திருக்கின்றோம். சென்ற இடத்தில் வாழ்வு உண்டு. ஆதலால் சாவும் உண்டு. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நம் வீட்டு முதியோர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது இதனாலன்றோ?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒரு தொலைபேசி ஒலித்தது. என் தாயாரின் மூத்த சகோதரர் கனடாவிலே பனிக்காலத்தில் மாரடைப்பினால் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தவர். கொட்டாஞ்சேனையில் எங்களோடு இருக்கும் அம்மம்மாவுக்கு அப்பொழுது வயது 86. அவர் வாய்விட்டு அழுமுன் கேட்டது ஒன்றே: "என்ரை பிள்ளையை எப்ப கொண்டு வருவியள்?"

அந்தக் கேள்விக்கு வீட்டில் இரண்டு விடைகள் இருந்தன. வெள்ளவத்தையிலிருந்து விரைந்து வந்த சித்தி, எவ்வளவு செலவானாலும் கொண்டு வந்தே ஆகவேண்டும் என்றார். மாமாவின் பிள்ளைகளோ தொலைபேசியில், தங்களுக்கும் அவர் தகப்பனார் அல்லவா, தாங்கள் கொள்ளி வைக்கவும் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவும் வேண்டாமா என்று கேட்டனர். இரு பக்கத்திலும் அன்பு இருந்தது. ஆனாலும் வார்த்தை தடித்தது. வரலாறு பயிலும் மாணவனாகிய நான் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நம் முன்னோர் இத்தகைய வேளையில் என்ன செய்தனர் என்று பின்னர் தேடிப் படித்தேன். அவ்வாறு படித்தவற்றை இம்மலரின் வாயிலாக இளைஞர்க்கும் பெரியோர்க்கும் முன்வைக்கின்றேன்.

பழந்தமிழ் நாட்டை முதலில் நோக்குவோம். போரில் மாண்ட வீரன் உடல் எல்லாக் காலத்திலும் ஊர் வந்து சேர்ந்ததில்லை. அவன் பெயரையும் பீடினையும் எழுதிக் கல் நட்டனர். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி அதனை வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. ஆயின், உடல் இல்லாத இடத்தில் பெயரை நிறுத்தி வழிபடுதல் தமிழர்க்கு மிகப் பழைய வழக்கமாகும்.

சிலப்பதிகாரம் இதற்குச் சிறந்த சான்று. புகாரில் பிறந்த கோவலன் மதுரையிலே கொலையுண்டான். கண்ணகியோ சேர நாட்டில் விண்ணுலகு புகுந்தாள். இருவரும் புகாருக்குத் திரும்பவில்லை. செய்தி மட்டுமே திரும்பியது. அச்செய்தி கேட்டுக் கோவலனின் தாய் உயிர் விட்டாள். தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்து துறவு பூண்டான் என்று காப்பியம் கூறுகின்றது. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டி வஞ்சிக்குக் கொண்டுவந்து கோயில் அமைத்தான். அவ்விழாவுக்கு வந்தவருள் இலங்கை வேந்தன் கயவாகுவும் ஒருவன். இன்றும் நம் கிழக்கிலங்கையில் கண்ணகி அம்மன் சடங்கு நடைபெறும்போது, ஊர் திரும்பாத ஒருத்தியையே நாம் ஊருக்கு அழைக்கின்றோம்.

நம் சமய நூல்களும் இதனை எண்ணிப் பார்த்துள்ளன. தூர தேசத்தில் இறந்தவனின் உடல் கிடைக்காவிடின் பலாச மரத்தின் இலைக்காம்புகள் 360 கொண்டு மனித உருவம் செய்து, தருப்பையால் கட்டி, முறைப்படி தகனம் செய்க என்று கிரியை நூல்கள் விதிக்கின்றன. கடலில் மூழ்கியோர்க்கும் போரில் காணாமற் போனோர்க்கும் இவ்வழி உண்டு. உடல் வராமையால் மகன் கடமை தவறியவன் ஆவான் என்று அந்நூல்கள் சொல்லவில்லை. உடல் வராவிடினும் கடமையைச் செய்ய வழி காட்டுகின்றன. இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்துகொள்ளல் வேண்டும்.

யான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே வேதாகம வகுப்பில் கேட்ட ஒரு வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. எகிப்து நாட்டில் இறந்த யாக்கோபின் உடலுக்கு நாற்பது நாள் பரிமளத் தைலமிட்டுப் பதப்படுத்தி, மகன் யோசேப்பு கானான் தேசத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தான். பின்னர் யோசேப்பே எகிப்தில் இறக்கும் தறுவாயில், தன் எலும்புகளை ஒரு நாள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தன் இனத்தாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். தலைமுறைகள் பல கழிந்தபின் மோசே அவ்வெலும்புகளை எடுத்துச் சென்றான். அவை சீகேமிலே அடக்கம் செய்யப்பட்டன. சிறுவனாயிருந்தபோது இதனைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். அம்மம்மாவின் கேள்வியைக் கேட்ட பிறகே அதன் பொருள் விளங்கிற்று. ஊர் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

இனி நம் கொழும்பின் வரலாற்றுக்கு வருவோம். கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவந்தனர். 1816ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், இதே கொழும்புத் துறைமுகத்தில், 'கோர்ன்வாலிஸ்' என்னும் கப்பலில் அவனைக் குடும்பத்தோடு ஏற்றினர். வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டு காவலில் இருந்து, 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மாண்டான். பாலாற்றங்கரையில் அவனுக்குச் சமாதி அமைந்தது. 1990ஆம் ஆண்டில் தமிழக அரசு அவ்விடத்தில் முத்து மண்டபம் எழுப்பியது. அரசனாய்ப் பிறந்தவனுக்கும் ஊர் திரும்பும் பாக்கியம் இல்லாது போயிற்று.

அக்காலத்து நிலைமையை நினைத்துப் பார்ப்போமாக. பாய்க்கப்பற் பயணம் மாதக் கணக்கில் நீளும். பிரேதத்தைக் கெடாமல் வைக்கும் வகையும் அறியார். வங்கத்துப் பெரியார் இராஜாராம் மோகன்ராய் 1833ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் காலமானார். அந்நாளில் அங்கே தகனத்துக்கு இடமில்லை. அந்நாட்டின் முதலாவது தகனசாலையில் முதல் உடல் எரியூட்டப்பட்டதே 1885இல் தான். ஆகவே அவரை ஒரு தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அவர் நண்பர் துவாரகநாத் தாகூர் 1843இல் அவ்வுடலை வேறு மயானத்துக்கு மாற்றி, இந்திய முறையில் ஒரு மண்டபமும் கட்டுவித்தார். அந்தத் துவாரகநாத்தரே 1846இல் இலண்டனில் இறந்து அங்கேயே அடக்கமானார் என்பதை அறியும்போது மனம் கனக்கின்றது.

பெரியோர் நிலை இதுவாயின் ஏழைகள் நிலை யாது? கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே கால்நடையாய்ச் சென்ற தொழிலாளர் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அவர்தம் ஊர்களுக்கு உடலும் போகவில்லை, பெயரும் போகவில்லை. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கிற்று. அதன் பின்னரும் அது உயிருள்ளோர் வந்துபோகும் வழியாகவே பெரும்பாலோர்க்கு விளங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுதுவினைஞராயும் புகையிரத உத்தியோகத்தராயும் சென்றோர் கதையும் இத்தகையதே. தந்தி வரும்; வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவர்; உடல் இல்லாமலே அழுவர்; முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி நடத்துவர். இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானியர் சீயம் பர்மாவுக்கு இடையே இருப்புப்பாதை அமைத்தபோது 1942, 1943ஆம் ஆண்டுகளில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. நம்மவர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் வரிசைகள் இல்லை.

எனினும் ஆளும் இனத்தாரும் தம் வீரர் எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டு சென்றாரல்லர். முதலாம் உலக யுத்தத்தின்போது 1915இல் பிரித்தானியர் ஒரு விதி செய்தனர்: விழுந்தவனை விழுந்த நாட்டிலேயே அடக்கம் செய்க, பிரபுவின் மகனாயினும் ஏழையின் மகனாயினும் ஊருக்குக் கொண்டு வரலாகாது. செல்வர் மட்டும் தம் மைந்தரைக் கொண்டு வந்தால் ஏழைத் தாயின் உள்ளம் என்ன பாடுபடும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. அந்த யுத்தத்தில் காயமுற்று இங்கிலாந்தின் பிறைற்றன் நகர வைத்தியசாலைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேரை ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் தகனம் செய்தனர். அவ்விடத்தில் ஒரு வெண்பளிங்கு மண்டபம் எழுப்பப்பெற்று 1921ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி திறந்துவைக்கப்பட்டது. பிறநாட்டு மண்ணிலும் நம் முறைப்படி எரியூட்ட இயலும் என்பதற்கு அக்குன்று சான்றாய் நிற்கின்றது.

நம் தலைவர்களில் ஊர் திரும்பியோரையும் கூறல் வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கொட்டாஞ்சேனையில் தந்தையார் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் புதுக்கிய பெருமகன். 1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கொழும்பில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடலை வடக்கே கொண்டுசென்று, தாம் பெண்மக்களுக்காகக் கட்டிய இராமநாதன் கல்லூரி வளவிலேயே சமாதி வைத்தனர். சுவாமி விபுலாநந்தர் தமது யாழ் நூலை 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் சோழ நாட்டிலே அரங்கேற்றிவிட்டுத் திரும்பினார். ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் சமாதி எய்தினார். அவரை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, கல்லடி உப்போடையில் அவரே வளர்த்த சிவானந்த வித்தியாலய நிலத்தில் வைத்தனர். இருவரும் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. தாம் உழைத்த பள்ளிக்கூடத்துக்கே திரும்பினர் என்பது நம் சிந்தனைக்கு உரியது.

அதே 1947ஆம் ஆண்டில் இன்னொரு பெரியார் திரும்பாமலே போனார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தார். தாயாரோடு இங்கிலாந்தில் வளர்ந்து, பின் அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையில் முப்பது ஆண்டு பணிபுரிந்தார். 1947 ஆகஸ்ட் 22ஆம் நாள் தம் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் பேசும்போது, அடுத்த ஆண்டு தாமும் மனைவியாரும் இந்தியா சென்று அங்கேயே தங்கப்போவதாக அறிவித்தார். பதினெட்டு நாள் கழித்து, செப்ரெம்பர் 9இல், பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். இன்று கொழும்பு 7இல் அகன்ற ஒரு வீதி அவர் பெயரால் வழங்குகின்றது. அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம், ஆள் வராவிட்டாலும் பெயர் வந்து சேர்ந்ததே என்று எண்ணிக்கொள்வேன்.

கப்பலில் உடல் வந்ததற்கு வித்தல்பாய் பட்டேலின் வரலாறு உதாரணமாகும். சர்தார் பட்டேலின் தமையனாராகிய அவர் 1933ஆம் ஆண்டு ஒக்டோபர் 22இல் ஜெனீவாவுக்கு அருகே ஒரு வைத்திய நிலையத்தில் இறந்தார். பதப்படுத்தப்பட்ட உடல் கப்பலில் பம்பாய் வந்து நவம்பர் மாதத்தில் தகனமாயிற்று. சர்தாரோ அப்பொழுது நாசிக் சிறையில் இருந்தார். நிபந்தனையோடு வெளியே விட அரசு முன்வந்தது. அந்நிபந்தனையை அவர் ஏற்றிலர். கடல் கடந்து அண்ணன் வந்தும், நாட்டிலேயே இருந்த தம்பி முகம் காணவில்லை. உடல் வருவதால் மட்டும் எல்லார் மனமும் ஆறிவிடுவதில்லை என்று இதனால் அறிகின்றோம்.

சாம்பல் வந்ததற்குச் செண்பகராமன் பிள்ளையின் வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்து, திருவனந்தபுரத்திலே பிறந்து, ஜேர்மனியிலிருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டவர் அவர். 1934ஆம் ஆண்டு மே 26இல் பேர்லினில் மாண்டார். தம் சாம்பலைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவவேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவியார் இலட்சுமிபாய் அடுத்த ஆண்டு அச்சாம்பலோடு பம்பாய் வந்து சேர்ந்தார். நாடு விடுதலை பெறும் வரை காத்தார். பெற்ற பின்னரும் காத்தார். 1966ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இந்தியக் கடற்படையின் 'டெல்லி' என்னும் கப்பல் அச்சாம்பலைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து கரமனை ஆற்றுக்கும் கன்னியாகுமரிக்கும் எடுத்துச் சென்றனர். முப்பத்திரண்டு ஆண்டு ஒரு கலசத்தைக் காத்து வைத்த அப்பெண்மணியின் பொறுமைக்கு ஈடு உண்டோ? உடலாயின் அவ்வாறு காத்திருத்தல் கூடுமோ?

ஆகாய விமானம் வந்தபின் எல்லாம் மாறிற்று. அதற்கு முன்னோடியாக அமைந்தது பிரேதத்தைப் பதப்படுத்தும் வைத்திய முறை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே அது பெருவழக்காயிற்று. 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உடலைப் பல நாள் புகையிரதத்தில் ஊர் ஊராய்க் கொண்டுசெல்ல முடிந்ததும் அதனாலேயே. 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 10இல் பேர்லினில் பல நாடுகள் கூடிப் பிரேதங்களை எல்லை கடந்து கொண்டுசெல்லும் விதிகளை ஓர் உடன்படிக்கையாய் வகுத்தன. அதன்படி, உயிருள்ளோர்க்குக் கடவுச்சீட்டு இருப்பதுபோல் பிரேதத்துக்கும் ஓர் அநுமதிச் சீட்டு உண்டு. 1964இல் நம் நாட்டோடு ஒப்பந்தம் செய்த இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் மாண்டார், அன்றே உடல் டில்லிக்கு வந்தது, மறுநாள் தகனமாயிற்று. இசைஞானி இளையராஜாவின் மகளார் பாடகி பவதாரிணி 2024 ஜனவரி 25இல் நம் கொழும்பிலே காலமானார். மறுநாள் உடல் சென்னை சேர்ந்தது. 27ஆம் நாள் அடக்கம் நடந்தது.

ஆனால் அவ்வளவு விரைவு எல்லார்க்கும் கிட்டுவதன்று. வைத்தியரின் சான்று, இறப்புப் பதிவு, இலங்கைத் தூதரகத்தின் உறுதிப்பாடு, பதப்படுத்தியதற்கான சான்று, தொற்றுநோய் இல்லை என்ற சான்று, நாகத்தகடு பதித்து மூடி முத்திரையிட்ட பெட்டி, விமானத்தின் சரக்குப் பகுதியில் இடம், கட்டுநாயக்காவில் சுகாதார அதிகாரியின் அநுமதி என ஒன்றன்பின் ஒன்றாய் நடக்க வேண்டும். மரணம் திடீரென நேர்ந்தால் அந்நாட்டுப் பொலிசாரின் விசாரணையும் முடிய வேண்டும். மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்று இறப்போரின் குடும்பங்கள் படும் துன்பம் இதனினும் பெரிது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றிருந்தால் உதவி கேட்க ஓர் இடம் உண்டு. பதியாமற் சென்றவரின் வீட்டாரோ வழி தெரியாது கலங்குவர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, செல்வரும் ஏழையரும் ஒருசேரத் தொலைபேசித் திரையில் தம்மவர் எரிவதைப் பார்த்தனர். ஒரு தலைமுறைக்கு முந்திய தந்திக் காலம் மீண்டும் வந்ததுபோல் இருந்தது.

நிற்க. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கவேண்டும். மாமாவைக் கனடாவிலேயே தகனம் செய்தனர். சைவக் குருக்கள் ஒருவர் வந்தார், சுண்ணம் இடித்தனர், மகன் கடமை செய்தான். இங்கே நாங்கள் நள்ளிரவில் திரையின் முன் அமர்ந்து பார்த்தோம். அம்மம்மா முகத்தைப் பார்த்தார். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவன் தன் பிள்ளை என்று அவர் மனம் ஒப்பவில்லை. பல நாள் எங்களோடு சரியாய்ப் பேசவும் இல்லை. சித்தியும் மனம் நொந்தே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து மாமாவின் மகன் சாம்பலைக் கைப்பொதியில் வைத்துக் கொண்டுவந்தான். இறப்புச் சான்றும் தகனச் சான்றும் இருந்தமையால் தடை ஏதும் நேரவில்லை. அஸ்தியை வீட்டினுள் எடுக்கலாகாது என்பது நம் வழக்கம். ஆதலால் கட்டுநாயக்காவிலிருந்து நேரே முகத்துவாரம் போவது என்றும், கொட்டாஞ்சேனையில் வாசலில் நின்று எங்களை ஏற்றிக்கொள்வது என்றும் ஏற்பாடு. விடியுமுன் வாகனம் வந்து நின்றது. பார்த்தால், அம்மம்மா குளித்து வெள்ளைச் சேலை உடுத்துப் படியில் நிற்கிறார். பெண்கள் வருவதில்லையே என்று உறவினர் ஒருவர் மெல்லச் சொன்னார். "இது சுடலையில்லைத் தம்பி, ஆறு" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி அமர்ந்தார். மச்சான் கலசத்தை அவர் மடியில் வைத்தான். இரண்டு கையாலும் அதனைத் தூக்கிப் பார்த்தார். "பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை கையிலை தந்தபோதும் இவ்வளவு பாரந்தான் இருந்தவன்" என்றார். பிறகு முகத்துவாரம் வரை ஒன்றும் பேசவில்லை. களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு பகுதியைக் கரைத்தோம். மறு பகுதியைக் கீரிமலைக்குக் கொண்டுசென்றோம். அன்று மாலை அம்மம்மா சித்தியை அழைத்துப் பக்கத்தில் இருத்திச் சோறு போடச் சொன்னார்.

கொண்டு வருவது பிழை என்று நான் கூற வரவில்லை. வயது முதிர்ந்த தாய் முகம் காணத் துடிப்பதைப் பழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. வசதி உள்ளோர் கொண்டு வருக. ஆயின் உடல் வருவதே முறை, வராவிடின் இழுக்கு என்று கருதுவதற்கு நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை. பெட்டியில் உடல் வரும் வழக்கம் விமானத்தோடு வந்தது. கல் நட்டதும், பெயர் இட்டதும், சாம்பல் சுமந்ததும், தருப்பையால் உருவம் செய்து கடமை முடித்ததும் மிகப் பழையவை. ஆகவே, வெளிநாட்டிலே ஒருவர் இறந்தார் என்று கேட்டவுடன், "உடல் வருமா?" என்று ஊரார் கேட்கும் கேள்வியை நாம் அடக்கிக்கொள்ளல் நன்று. அக்கேள்விக்கு அஞ்சியே நகையை அடைவு வைக்கும் குடும்பங்கள் உண்டு.

இளைஞராகிய நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. தூதரகத்துக்கு எழுதத் தெரியாத வீட்டாருக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். எந்தக் காரியாலயத்துக்கு எந்தப் பத்திரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சங்க அறையில் ஒட்டி வைக்கலாம். தொழிலுக்குச் செல்லும் அயலவரைப் பணியகத்திற் பதிந்து செல்லுமாறு தூண்டலாம். கட்டுநாயக்காவுக்கு வாகனத்தோடு கூடச் செல்ல இருவரை ஒழுங்கு செய்யலாம். உறவினர் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியவர் ஒருவர் இறந்தால், பாடை தூக்க நான்கு தோள் கொடுப்பதும் நம் கடமையே. மகன் வரும்வரை உடலை மலர்ச்சாலையில் வைத்துக் காத்திருக்கும் வீடுகள் வெள்ளவத்தையில் இன்று எத்தனை! பிள்ளையின் உடலுக்காகத் தாய் காத்திருப்பதும், தாயின் உடலருகே பிள்ளைக்காக ஊரார் காத்திருப்பதும் ஒரே கதையின் இரு பக்கங்கள் அன்றோ?

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் விருப்பம் யாது என்பதை இப்பொழுதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். யோசேப்பு சொல்லி வைத்தான். செண்பகராமர் சொல்லி வைத்தார். ஆகையால் பின்னிருந்தோர்க்கு வழி தெரிந்தது. எங்கள் மாமா சொல்லி வைக்கவில்லை. அதனாலேயே அன்பு மிக்க இரு வீட்டார் சில நாள் பகைவர் போல் பேச நேர்ந்தது. அம்மம்மா இப்பொழுது தமக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டார்: கனத்தையில் தகனம், கீரிமலையில் சாம்பல், எவருக்காகவும் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. என் தாயார் அதனை ஒரு கொப்பியில் எழுதி, சுவாமி அறையில் வைத்திருக்கிறார்.

கடல் கடந்து சென்ற நம்மவர் யாவரும் நலமே வாழ்க. அவர் எங்கே கண் மூடினும், அவர் பெயர் இங்கே வந்து சேருமாறு பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகுக.